சடகோபனின் கால் விரல்களும் ‘நிச்சயப் பனி’யும்

பத்ரி, நீ எழுதியிருப்பது பொய். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. நீ அங்கே இருந்தாய்.

கம்பெனியின் பொன்விழா மலர் என்று பளபளப்பாக ஒன்று போட்டிருக்கிறாய். அதில் சமையல்காரர் சடகோபனுக்கு ஒரு முழுப் பக்கம். “கொட்டும் பனியிலும் ஆசாரம் தவறாமல், வெறுங்காலில் நின்று தளிகை செய்த பக்திமான்” என்று தலைப்பு. கூடவே நீ எடுத்த போட்டோ. தாளைத் திருப்பினால் தை மாதச் சிம்லாப் பயணத்துக்கு விளம்பரம்: “நிச்சயப் பனி! உங்கள் கண்ணெதிரே கொட்டும்!” ஒரே தாளில் முன்பக்கம் ஒரு பொய், பின்பக்கம் ஒரு பொய். காகிதத்தைச் சிக்கனமாகத்தான் செலவழித்திருக்கிறாய்.

இந்த மலரை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் உன்னிடம் இப்போது வேலை பார்க்கும் இரண்டு பேர். மேலப்புதூரில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். “சார், பனி விழலன்னா பேசஞ்சருங்க எங்க சட்டையைப் பிடிக்கிறாங்க. நீங்கதான் முதல் மேனேஜராமே. உங்க காலத்துல எப்படிச் சமாளிச்சீங்க?” என்று கேட்டார்கள்.

“சமாளிக்கல. ஒரு மனுசன் காலைக் கொடுத்தோம்” என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் கதை பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா ரயில்வே ஃபிட்டர். நாங்கள் நாக்பூரில் வளர்ந்தோம். பிறகு அவருக்குத் திருச்சிப் பொன்மலைக்கு மாற்றலானது. படிப்பு எனக்கு ஏறவில்லை, இந்தி மட்டும் ஏறியிருந்தது. எழுபதுகளின் நடுவில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் உன் அப்பா சௌரிராஜன் காசி, ஹரித்வார் யாத்திரைக்கு ஆள் சேர்த்து அழைத்துப்போக ஓர் ஆபீஸ் திறந்தார். வடக்கே போனால் கூலிக்காரரோடும் ஸ்டேஷன் மாஸ்டரோடும் சண்டை போட ஓர் ஆள் வேண்டும். நான் கிறிஸ்தவன் என்று தெரிந்தும், என்னைப் பார்த்து, “வேதக்காரனா இருந்தா என்ன, ஹிந்தி வரதோல்லியோ?” என்றார். வந்தது. சேர்ந்தேன். வேலையை ஒருவரும் சொல்லித்தரவில்லை. முதல் யாத்திரையிலேயே இரண்டு பாட்டிகளை ஜான்சியில் விட்டுவிட்டு ரயில் ஏறி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓடிக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வேலையில் கடினமானது பயணிகள் இல்லை, பாத்திரங்கள். டில்லி வரை ரயில், அதற்கப்புறம் பஸ். கூடவே பித்தளை அண்டா, இரண்டு பம்பு ஸ்டவ், அரிசி மூட்டை, புளிப் பானை, அப்பளக் கட்டு எல்லாம் வரும். ஸ்ரீரங்கத்துப் பயணிகள் வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். எங்கே தங்கினாலும் சடகோபன் மடியாகச் சமைத்துப் போடவேண்டும். மடி என்றால், குளித்துவிட்டு, யாரும் தொடாமல் உலர்த்திய வேட்டியைக் கட்டிக்கொண்டு, காலில் ஒன்றும் போடாமல், சமையல் முடியும்வரை யார்மீதும் படாமல் இருப்பது.

ரயில் நின்றதும் முதலில் இறங்குவது அவர். பாத்திரக் கட்டை அவர் மட்டும்தான் தூக்குவார். அதை நடைமேடையில் வைத்துவிட்டு அடுத்த கட்டுக்குப் போகும்போது, யாரும் அதில் இடித்துவிடாமல் நான் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கவேண்டும். ஆனால் நானும் தொடக்கூடாது.

“டேய் அந்தோணி, அண்டாவுக்கு நீ வாட்ச்மேன், உனக்கு நான் வாட்ச்மேன்” என்பார் சடகோபன். “இந்த அண்டா மாதிரி பாதுகாப்பு டில்லியில மந்திரிக்குக்கூட இருக்காதுடா!”

நான் அவரை ‘சாமி’ என்பேன். அவர் என்னை வாடா போடா என்பார். எனக்கென்று ஒரு தட்டுத் தனியாக வைத்திருந்தார். அதில் எல்லோருக்கும் முன்னால் எனக்குத்தான் சாத்தமுது விழும். நாங்கள் ரசம் என்போமே, அதுதான். ஆசாரம் என்பதை அவர் வேலையாகச் செய்தார், ஆயுதமாகச் செய்யவில்லை. இந்த வித்தியாசம் உன் மலரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டும். சௌரி சார் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அதைவிட முக்கியம், எதற்கும் ஆமாம், இல்லை என்று அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஆபீஸ் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தார். பனி மூடிய மலை, முன்னால் தலையில் மப்ளர் கட்டிய ஒரு குடும்பம். “பனி நிச்சயமா விழுமா சார்?” என்று யாராவது கேட்டால், அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, அந்தப் படம் முழுசாகத் தெரியும்படி உட்காருவார். அவ்வளவுதான். கேட்டவர் சந்தோஷமாகப் பெயர் கொடுத்துவிட்டுப் போவார். பிறகு தகராறு வந்தால், “நான் எப்போ சொன்னேன்?” என்பார். உண்மைதான். அவர் சொன்னதில்லை.

கோடையில் யாத்திரைக்குக் கூட்டம் உண்டு. குளிர்காலத்தில் ஆபீஸில் ஈ ஓட்டினோம். அப்போதுதான் சௌரி சாருக்குப் பனி யோசனை வந்தது. வைகுண்ட ஏகாதசி முடிய வேண்டும், இல்லாவிட்டால் ஸ்ரீரங்கத்தில் ஓர் ஆளும் ஊரைவிட்டு நகரமாட்டார்கள். பொங்கலும் முடிந்து, தை பிறந்த பிறகு சிம்லா. திரும்பும் வழியில் ஹரித்வார். பனிக்குப் பனி, புண்ணியத்துக்குப் புண்ணியம்.

ஆள் சேர்ந்தது பார்! திருச்சியில் இத்தனை பனிப் பைத்தியங்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. எல்லோரும் பனியைப் பார்த்தது சினிமாவில். கதாநாயகி மெல்லிய புடவையில் பனியில் உருண்டு பாடுவாள், ஒரு தும்மல்கூட வராது. அதை நம்பி ரிட்டயர் ஆனவர்கள் மல் துணி ஜிப்பாவோடு கிளம்பினார்கள். எங்கள் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. கிறிஸ்துமஸ் குடிலில் பஞ்சைப் பிய்த்து ஒட்டி ஒட்டி, பனி என்றால் பஞ்சு என்றே மேலப்புதூரில் முடிவு கட்டியிருந்தார்கள். ஒரு டீச்சரம்மா என்னிடம், “அது கையில பட்டா ஈரமாவா இருக்கும்?” என்று ஆச்சரியப்பட்டார்.

இவர்களுக்குக் கிடக்கிற பனி போதாது. விழுகிற பனி வேண்டும். சிம்லாவுக்கு மேலே நிழலான பள்ளங்களில் போன வாரத்துப் பனி அழுக்கு உப்பு மாதிரி கிடக்கும். அதைக் காட்டினால், “இது பழசு. புதுசா விழுறதக் காட்டுங்க” என்பார்கள். பிரட் வாங்கும் நினைப்பு. “காலையில எத்தனை மணிக்கு விழும், டிபன் முடிச்சுட்டு வந்தாப் போதுமா?” என்று கேட்டவர் ஒரு பேங்க் ஆபீசர். வருடா வருடம் மழை பெய்யுமா பெய்யாதா என்று வானத்தைப் பார்க்கிற மாவட்டம் நம்முடையது. மருங்காபுரிப் பக்கம் போய், “இந்த வருஷம் நிச்சய மழை” என்று ஒரு போர்டு வைத்துப் பார். கல்லால் அடிப்பார்கள். அதே மாவட்டத்துக்காரர்கள் ரயில் ஏறியதும், இமயமலை மட்டும் சொன்ன தேதிக்குக் கொட்டவேண்டும் என்பார்கள்.

பனியும் மழை மாதிரிதான். சில வருடம் பொங்கலுக்கு முன்பே வந்துவிடும். சில வருடம் தை முழுக்க வெயில் அடித்து மலை மொட்டையாக நிற்கும். முதல் வருடம் ஒன்றும் விழவில்லை. திட்டிக்கொண்டே ஊர் திரும்பினார்கள். இனி இந்தப் பயணம் ஒழிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஒழியவில்லை. ஏன் தெரியுமா? திட்டினவர்கள் ஊருக்கு வந்ததும் பொய் சொன்னார்கள். இத்தனை தூரம் போய் வெயிலைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று யார் சொல்வார்கள்? வாடகைக்கு எடுத்த கம்பளிக் கோட்டில், அந்த அழுக்குப் பள்ளத்தின் முன்னால் நின்று எடுத்த போட்டோவைக் காட்டி, “கொட்டு கொட்டுன்னு கொட்டித்து, மூச்சு விட முடியலை” என்று வீதி முழுக்கச் சொன்னார்கள். அடுத்த வருடம் இரண்டு மடங்கு ஆள். அந்த வருடமும் பனி ஏமாற்றியது. அவர்களும் வந்து பொய் சொன்னார்கள். முந்தினவர்களுக்கு விழுந்தது நமக்கு மட்டும் விழவில்லையே என்ற வயிற்றெரிச்சலில் இன்னும் பெரிய பொய்யாகச் சொன்னார்கள். சௌரி சார் ஒரு பொய்யும் சொல்லவேண்டி இருக்கவில்லை. நாற்காலியை நகர்த்தினால் போதும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் போன பயணத்தில் விஷயம் முற்றியது. பனி இல்லாமல் திரும்பினவர்களில் சிலர், இந்த முறையும் இல்லை என்றால் கோயில் வாசலில் வைத்தே கேட்போம் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் சௌரி சாரே கிளம்பினார். கல்லூரி முடித்த கையோடு காமிராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நீயும் வந்தாய். பயணிகளில் பாதிப் பேர் ஸ்ரீரங்கம். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒரு ரிட்டயர்டு தாசில்தார், கூட அவர் மனைவி. மீதிப் பேர் பொன்மலை ரயில்வேக்காரர்கள். அவர்களில் கணேசன் என்று ஒரு ஃபிட்டர், வாய் மூடாத ஆள்.

சிம்லாவில் இரண்டு நாள் நல்ல வெயில். தாசில்தார் தினமும் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார், நான்தான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது போல. மூன்றாம் நாள் காலை மேற்கே மேகம் கறுத்தது. மேலே இன்னும் உயரத்தில் ஒரு சிற்றூர் இருக்கிறது, அங்கே போனால் விழும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். பஸ் டிரைவர் மலைக்காரர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “புயல் வருது. இன்னிக்கு மேலே போனா இறங்க முடியாது” என்றார்.

நான் சௌரி சாரிடம் போய் அப்படியே சொன்னேன். “சார், வேணாம் சார். வயசானவங்க இருக்காங்க. மாத்துத் துணிகூட இங்கதான் இருக்கு.”

அவர் மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போய் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்தார். எல்லோரும் கைதட்டிக்கொண்டு ஏறினார்கள். மதியச் சாப்பாட்டுக்காக அண்டாவும் ஸ்டவ்வும் அரிசி மூட்டையும் ஏறின. சடகோபனும் ஏறினார்.

மேலே போய் இறங்கியதும் விழ ஆரம்பித்தது. நான் பொய் சொல்லமாட்டேன், அழகாகத்தான் இருந்தது. சத்தமே இல்லை. மழை என்றால் ஓட்டில் விழும், தகரத்தில் விழும், நமக்குக் காது பழகியிருக்கிறது. இது இத்தனை கொட்டியும் ஒரு சத்தமும் இல்லாமல் விழுந்தது. எல்லோரும் வாயைப் பிளந்து நின்றார்கள். தாசில்தார் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. நீ பனியை உருட்டி என் முதுகில் எறிந்தாய்.

கொஞ்ச நேரத்தில் பல் கிட்டியது. “போதும், கிளம்பலாம்” என்றார்கள். கணேசன் என்னைப் பார்த்து, “மேனேஜர், இதுக்கு ஸ்விட்ச் எங்க இருக்கு? பார்த்தாச்சு, ஆஃப் பண்ணச் சொல்லுங்க” என்றான். அதற்குள் பாதை மூடிவிட்டது. டிரைவர் பஸ்ஸைத் திருப்பப் பார்த்தார், சக்கரம் வழுக்கிப் பள்ளத்துப் பக்கம் போனது. அலறிக்கொண்டு இறங்கினோம். பக்கத்தில் ஓர் அரசாங்க ஓய்வு விடுதி இருந்தது. காவல்காரர் கதவைத் திறந்துவிட்டார். மூன்று நாள் அங்கே மாட்டிக்கொண்டோம்.

விடுதிக்கு எதிரே ஒரு டீக்கடை. மலைக்காரக் கிழவர் ஒருவர் ரொட்டியும் பருப்பும் செய்து கொடுத்தார். பொன்மலைக்காரர்கள் அதைச் சாப்பிட்டு அடுப்பைச் சுற்றிச் சுகமாக உட்கார்ந்தார்கள். நானும்தான். ஸ்ரீரங்கத்தார் தொடமாட்டேன் என்றார்கள். அவர்களுக்குச் சடகோபன்தான் பொங்கவேண்டும். உள்ளே மரத் தரை, ஸ்டவ் வைக்கக்கூடாது என்று காவல்காரர் மறுத்துவிட்டார். கொல்லைப்புறத்தில் சிமெண்ட் முற்றம், மேலே தகரம், மூன்று பக்கமும் திறப்பு. அதில்தான் தளிகை.

குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. பனியை அள்ளி அண்டாவில் போட்டு உருக்கலாம் என்றார் சடகோபன். உடனே ஒரு விசாரணை நடந்தது. பனி மடியா, இல்லையா? தாசில்தார் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: “ஆகாசத்திலேர்ந்து நேரா வரது. மழைத் தீர்த்தம் மாதிரிதான். தோஷமில்லை.” அவருக்கு வேண்டியதற்குத் தோஷமில்லை.

சடகோபன் அந்தத் தண்ணீரில் குளித்தார். வேட்டி உலரவில்லை, அந்தக் குளிரில் எதுவும் உலராது. ஈரத்தோடு கட்டினார். முற்றத்தில் பனி அடித்து, மிதிபட்டு, கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. சிம்லா பஜாரில் நான் இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ் வாங்கியிருந்தேன், ஒன்றை அவரிடம் கொடுத்தேன். வாங்கிப் போட்டுக்கொண்டார்.

“இதுக்கெல்லாம் ஒண்ணும் இல்லைடா. பட்டும் கம்பளியும் எப்பவும் சுத்தம். எங்க அப்பாவே மார்கழியில கம்பளி போத்திண்டுதான் மடியா இருப்பார்” என்றார்.

ஸ்டவ்வைப் பற்றவைத்து அரிசி களைந்தார். ஜன்னல் வழியாகத் தாசில்தார் எட்டிப் பார்த்தார்.

“ஓய் சடகோபன்! கால்ல என்னங்காணும் அது?”

“கம்பளி, ஸ்வாமி. தரை ஜில்லுங்கறது.”

“யார் குடுத்தா?”

சடகோபன் என்னைக் காட்டினார்.

“நன்னாருக்கு. அவன் கைபட்ட சாக்ஸோட தளிகை பண்ணி, அதை நாங்க சாப்பிடணுமாக்கும்!”

அவர் மனைவிக்கே பொறுக்கவில்லை. “நீங்க தோல் பூட்ஸைப் போட்டுண்டுதானே நேத்து பஸ்ல உக்காந்துண்டு புளியோதரை சாப்பிட்டேள்? அப்போ எங்கே போச்சு ஆசாரம்? அவர் கால் மட்டும் இரும்பா?” என்று கேட்டார். அந்த மாமியை இன்றைக்கும் நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

“சாப்பிடறவா வேற, பண்றவா வேற. உனக்குத் தெரியாது, நீ சும்மா இரு” என்றார் தாசில்தார். காலில் பூட்ஸ், உள்ளே சாக்ஸ், கையில் கிளவுஸ், தலையில் மங்கி கேப். கண் மட்டும்தான் தெரிந்தது அந்த மனிதருக்கு.

எல்லோரும் சௌரி சாரைப் பார்த்தார்கள். அவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். சடகோபனின் காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான், “சார், இந்தக் குளிர்ல வெறுங்கால் ஆகாது சார். அவங்க சாப்பிடாட்டி பட்டினி கிடக்கட்டும்” என்றேன்.

அப்போது நீ பேசினாய், பத்ரி. நினைவிருக்கிறதா? அப்பா சொல்லாததைச் சொல்ல நீ இருந்தாய். “கழட்டிடுங்கோ மாமா. எதுக்கு வம்பு? ஒரு வேளைதானே.”

சடகோபன் கழற்றினார். மடித்து என் பக்கம் போட்டார். “வச்சுக்கோடா” என்றார். நீ காமிராவை எடுத்தாய். பனி பின்னால் கொட்ட, அண்டா முன்னால் ஆவி பறக்க, வெறுங்காலில் அவர். அந்தப் போட்டோதான் இப்போது உன் மலரில் இருக்கிறது.

ஒரு வேளை இல்லை. மூன்று நாள். காலையும் மாலையும் அந்தச் சிமெண்டில் நின்றார். முதல் நாள் வலிக்கிறது என்றார். இரண்டாம் நாள் மத்தியானம், “இப்ப வலியே இல்லைடா, பழகிப்போச்சு” என்று சிரித்தார். விரலெல்லாம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. டீக்கடைக் கிழவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். நான் கத்தினேன். உள்ளே போய் ஒவ்வொருவரிடமும், “வந்து பாருங்க, அவர் காலைப் பாருங்க” என்றேன். தாசில்தார் மனைவி அந்த மாமி மட்டும் வந்து பார்த்தார், பார்த்துவிட்டு அன்றிலிருந்து சாப்பிடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். சுடச்சுடச் சாத்தமுது, பனியைப் பார்த்துக்கொண்டே. ஜன்னல் பக்க இடத்துக்குப் போட்டி வேறு.

பாதை திறந்தது. சிம்லா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் விரல்கள் கறுத்துவிட்டன. டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார், “இவர் என்ன செய்துகொண்டிருந்தார்?” என்று. சமைத்துக்கொண்டிருந்தார் என்றேன். அவர் நம்பவில்லை.

பஸ் ஹரித்வாருக்குக் கிளம்ப நின்றது. சௌரி சார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவரைப் பிடித்து உலுக்கினேன், கையாலேயே உலுக்கினேன். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

“நான் சாக்ஸைக் கழட்டச் சொன்னேனா, அந்தோணி? அவன் ஆசாரம், அவன் பண்ணிண்டான். பெருமாள் பாத்துப்பார்.”

பெருமாள் பார்த்துக்கொண்டாரோ என்னவோ, கூட இருந்து பார்த்துக்கொண்டது நான். பயணத்தை அவர்கள் முடித்துக்கொண்டு ஊர் வந்தார்கள். நான் சடகோபனோடு சிம்லாவில் இருந்தேன். வலது காலில் ஒரு விரலும் மிஞ்சவில்லை. இடது காலில் பாதி விரல்கள் போயின.

நாங்கள் திரும்பி வரும்போது ஸ்ரீரங்கத்தில் இந்தப் பயணம் புராணமாகிவிட்டிருந்தது. கழுத்தளவு பனியாம், மூன்று நாள் தவமாம். இந்த முறை பனி நிஜமாகவே விழுந்தது, ஆனால் நிஜம் அவர்களுக்குப் போதவில்லை. ஆபீசில் கூட்டம் தாங்கவில்லை. சடகோபன் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் படி ஏறினார். உள்ளே வேறொரு சமையல்காரர் பாத்திரம் எண்ணிக்கொண்டிருந்தார். சௌரி சார் எங்களைப் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, அந்தப் புது ஆள் நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்தார்.

காரணம் வீதியில் தெரிந்தது. ‘அங்கஹீனம்’ என்றார்கள். உடம்பில் குறை உள்ளவன் கைத் தளிகை ஆகாதாம். அதைச் சொன்னவர்களில் அந்த ஜன்னல் பக்கத்துச் சாத்தமுதுக்காரர்களும் உண்டு. கல்யாணம், சிராத்தம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வீடுகளும் நின்றன. அப்போது அவருக்குப் பள்ளியில் படிக்கிற மகள், ஆண்டாள். அடுப்பைத் தவிர வேறு தொழில் தெரியாத மனுஷன்.

ஒருநாள் சித்திரை வீதியில் நானும் அவரும் வந்துகொண்டிருந்தபோது நீ சைக்கிளை நிறுத்தி இறங்கினாய். “மாமா, கொஞ்ச நாளைக்கு ஆபீஸ் பக்கம் வராதீங்கோ. பேர் குடுக்க வரவா உங்க காலைப் பாத்தா ஒரு மாதிரி நெனைக்கறா” என்றாய். அன்றைக்கே நான் வேலையை விட்டேன். ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜில் சேர்ந்து, அங்கேயே ரிட்டயர் ஆனேன். பனி பார்க்கப் போகிறேன் என்று யாராவது ரூம் கேட்டால் இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

சடகோபனுக்கு வேலை கொடுத்தது கணேசன். பொன்மலையில் அவன் மச்சான் ஒரு மெஸ் வைத்திருந்தார். “சாமி, எங்காளுங்க உங்க காலைப் பார்க்க மாட்டாங்க, தட்டைத்தான் பார்ப்பாங்க. வாங்க” என்று ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனான். கான்வாஸ் ஷூவுக்குள் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு, ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வருகிறவர்களுக்குப் பல வருடம் சமைத்தார். கறுப்பு எண்ணெய் படிந்த கையோடு உட்கார்ந்து, “சாமி, இன்னும் கொஞ்சம் ரசம்” என்று கேட்பார்கள். அந்த வருமானத்தில் ஆண்டாளைப் படிக்கவைத்தார். அவர் போய்ச் சில வருடம் ஆகிறது.

ஒருமுறை நான் பனியைத் திட்டியபோது அவர் என்னை அடக்கினார். “பனி நன்னாத்தான்டா இருந்தது. அதை ஏன் வையறே? அது யாரையும் வெறுங்கால்ல நிக்கச் சொல்லலை” என்றார்.

நானும் பனியைச் சொல்லவில்லை, பத்ரி. அது விழுந்தாலும் விழும், விழாவிட்டாலும் போகும். உன்னைச் சொல்கிறேன். பொன்விழா அன்று மண்டபத்தில் அந்தப் பக்கத்தை நீயே மைக்கில் வாசிக்கப் போகிறாய் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறாய். வாசி. ஆண்டாளைக் கூட்டிக்கொண்டு நான் வந்து முதல் வரிசையில் உட்காருகிறேன். அதற்கு முன்னால் என் வீட்டுக்கு ஆள் அனுப்பாதே, போன் செய்யாதே, தனியாகக் கூப்பிட்டுக் கையைப் பிடிக்காதே. எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம். அந்தக் கம்பளியைக் கழற்றச் சொன்னது யார்? கழற்றியதால் போன காலைக் காட்டி, அதே மனுஷனை ஆபீஸ் பக்கம் வராதே என்றது யார்? இப்போது அவரைப் பக்திமான் என்று எழுதி ஆள் சேர்க்கிறது யார்? மூன்றுக்கும் ஒரே பெயர்தான். மைக்கை அணைக்காமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஆண்டாள் முகத்தைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்.